ராப்பும் சூளை ஜோக்கும்

பிப்ரவரி 11, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கே மண்டை காயும் வெயில். கம்பெனியில் ஊறுகாய் ஜாடி லோடு. தட்டிப் பார்த்துப் பிரித்ததில் ஏகப்பட்ட டொ.

(டொ. = டொக்கு. விரலால் சுண்டினால் நன்றாக வெந்த ஜாடி டிங் என்னும். வேகாததும் விரிசல் விட்டதும் டொக்கென்று சத்தம் போடும். பீங்கான் கம்பெனியில் இதுதான் என் வேலை. மனிதர்களுக்கும் இதே மார்க்குதான், இந்த டைரியில் மட்டும்.)

சாயங்காலம் ந.நா. சிரித்துக்கொண்டே வந்தார். ந.நா. = நகைச்சுவை நாவரசு. ஒரு கோயில் கமிட்டி கொடுத்த பட்டம். நான் கட்டிக்கொண்ட மனிதருக்கு அதன் பிறகு சொந்தப் பெயரே மறந்துவிட்டது.

இன்ஜினியரிங் காலேஜில் கலைவிழாவாம். பட்டிமன்றம் உண்டாம். தலைப்பு பிள்ளைகளே கொடுத்தது: "ஹிப் ஹாப் இசை: முதிர்ந்துவிட்டதா? வெறும் கூச்சலா?"

"முதிர்ந்துடுச்சுங்கற அணிக்கு ஆளே கெடைக்கல. நீ தலைவியா இருந்துடு. எத்தினி வருஷமா கேட்டுக்கிட்டு இருந்த?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் முடித்தது அவருடைய பட்டிமன்றக் குழுவில் மூன்றாவது பேச்சாளராகவே கிழடு தட்டிப் போவதற்கு இல்லை. கடைசியில் தலைமை கிடைத்தது எதற்கு? கூச்சலுக்கு வக்காலத்து வாங்க.

எதிர் அணித் தலைவர்: ந.நா.

பிப்ரவரி 13, புதன்

நடுவர் புலவர் ஐயா. ரிட்டயர் ஆன தலைமை ஆசிரியர். "முதுகுன்றம் என்னும் இந்த விருத்தாசலத்தில் முதிர்ச்சி பற்றிப் பேச வந்திருக்கிறோம்" என்றுதான் ஆரம்பிப்பார். இப்போதே எழுதி வைக்கிறேன். மாறாது.

மதியம் சாப்பாட்டு நேரம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த அமுதா, கம்மாபுரத்துப் பெண், டிபன் பாக்ஸைத் திறந்தபடி கேட்டாள்: "ஏங்க்கா, உன்னையத்தான சூளையில கூட நேரம் வெச்சுட்டாங்கன்னு சொல்றாங்க?"

மற்றவர்கள் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவளுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஊர்த் திருவிழாவில் கேட்டாளாம். வயிறு வலிக்கச் சிரித்தாளாம்.

ந.நா.வின் சூளை ஜோக் அது. எந்தத் தலைப்பானாலும் வந்துவிடும். "என் வூட்டம்மா பீங்கான் கம்பெனியில வேலை பாக்குறாங்க. பொண்ணு பாக்கப் போனப்பவே மாமனார்கிட்ட கேட்டேன், மாமா, சூளையில கொஞ்சம் கூட நேரம் வெச்சுட்டீங்களான்னு." கைதட்டல். அவர் நல்ல சிவப்பு. மேடை ஏறுமுன் பவுடர் வேறு. நான் கறுப்பு. அவ்வளவுதான் ஜோக்.

கல்யாணமான புதிதில் நானும் மேடையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் ரோஷக்காரி என்பார்கள். எங்கள் குழுவில் அவர்தான் எப்போதும் கடைசியில் பேசுவார். பதில் சொல்ல எனக்கு முறை வந்ததே இல்லை. இனிமேலும் எப்படி வரும்?

நீலப் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்க வேண்டும். தேங்காய் இல்லை.

பிப்ரவரி 15, வெள்ளி

என் அணியின் இரண்டாம் பேச்சாளர் நஸ்ரின் வீட்டுக்கு வந்தாள். அந்தக் காலேஜில் கடைசி வருஷம். மங்கலம்பேட்டை. அண்ணன் துபாயில் இருக்கிறான், சி.டி. அனுப்புகிறான். ஒரு கட்டு கொண்டுவந்து வைத்தாள்.

"கேட்டுப் பாருங்க மேடம். மொதல்ல ஒரு மாதிரியா இருக்கும். அப்புறம் புடிச்சுடும்."

கேட்டேன். பிடிக்கவில்லை.

முதல் பாட்டு. மூச்சு விடாமல் தன்னைப் பற்றியே பேசுகிறான். நான் பெரியவன், என் கார் பெரியது, என் சங்கிலி பெரியது. இரண்டாம் பாட்டில் வேறொருவன், அதே கார். மூன்றாவதில் பெண்கள் வருகிறார்கள், காருக்குப் பக்கத்தில் நிற்க. பின்னால் ஒரே டும் டும். மாவு மில் ஓடினால்கூட நடுவில் பெல்ட் நழுவி ஒரு மாறுதல் வரும்.

பிறகு மலேசியத் தமிழ்ப் பையன்கள். தமிழை வாயில் போட்டு மென்று துப்புகிறார்கள். ழகரம் செத்தது. "அம்மா" என்று உருகுகிறான் ஒருவன். உருகும்போதும் முறைப்பு.

முதிர்ச்சியாம். பல் முளைக்கட்டும் முதலில்.

இருந்தாலும் கேட்கக் கேட்க ஒரு எரிச்சல். இந்த ஆட்டத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று. எதுகை வந்தால் அர்த்தம் எக்கேடு கெட்டாலும் சரி. மூச்சுப் பிடித்து அடுக்கிவிட்டுக் கைதட்டலுக்கு நிறுத்துவது. பெண்டாட்டியை இழுத்துவிட்டுச் சிரிக்க வைப்பது. சங்கிலிக்குப் பதில் பொன்னாடை. நடுக்கூடத்தில் ந.நா. பனியனோடு உட்கார்ந்து "கூச்சல்! கூச்சல்!" என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டுக்கும் டொ.

பிப்ரவரி 17, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. ந.நா. முடி வெட்டிக்கொள்ளப் போன நேரத்தில் நஸ்ரின். இப்போது "அக்கா" ஆகிவிட்டேன்.

நேராகவே சொல்லிவிட்டேன். "இதுல ஒண்ணுமே இல்லம்மா. வாதாட ஒரு பாயின்ட்டாவது குடு. தற்பெருமை, திட்டு, இதைத் தவிர என்ன இருக்குது?"

"திட்டுறதுக்கு ஒரு சட்டம் இருக்குதுக்கா."

"என்ன சட்டம்?"

"நேருக்கு நேரா நின்னு போட்டி போடுவாங்க. ஒருத்தன் இன்னொருத்தனை எவ்ளோ வேணா அசிங்கப்படுத்தலாம். ஆனா முடிச்சதும் மைக்கை அவன் கையிலயே குடுத்துடணும். அவன் பதில் சொல்றப்போ இவன் அங்கயேதான் நிக்கணும். எறங்கிப் போனா தோத்தவன்."

டீ கொதித்து வழிந்தது. அடுப்பைத் துடைத்தேன். மறுபடி கேட்டேன், மைக்கைக் கொடுத்தே ஆக வேண்டுமா என்று.

"குடுத்தே ஆகணுங்க்கா. இல்லன்னா அது போட்டியே இல்ல."

சண்டைக்காரப் பயல்களுக்கு இருக்கிற இந்த ஒரு புத்தி நம் தமிழ் மேடைக்கு இல்லாமல் போயிற்றே. எனக்கு அழுகை வந்தது. நஸ்ரின் பார்க்கவில்லை. வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 20, புதன்

மாசி மகக் கூட்டம். பாலத்தில் நடக்க இடமில்லை. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்: "பெண்ணாடம் திட்டக்குடி, பெண்ணாடம் திட்டக்குடி, ஏறு ஏறு, எடம் கெடக்குது, ஏறுக்கா ஏறு." தாளம் சுத்தம். அந்த சி.டி.யில் இருக்கும் எவனும் இவன் கால் தூசு பெற மாட்டான். தற்பெருமையும் இல்லை, உள்ளதைச் சொன்னான். எடம் கெடக்குது என்றதுதான் பொய்.

கம்பெனியில் ஜாடி தட்டும்போது வாய் தானாக எதையோ முணுமுணுத்தது. டிங், டிங், டொக், டிங். அமுதா திரும்பிப் பார்த்தாள். "என்னக்கா பாட்டு?"

"ஒண்ணுமில்ல, கணக்கு."

பிப்ரவரி 22, வெள்ளி

நாளைக்கு நிகழ்ச்சி. வழக்கம்போல் சோறு இறங்கவில்லை. மேடை பயம் கிடையாது எனக்கு. என்னைப் பற்றி என்ன வரப்போகிறதோ என்ற பயம். இத்தனை வருஷமும் முந்தின நாள் இப்படித்தான்.

வழக்கம்போல் கேட்டேன். "ஏங்க, நாளைக்கு என்னப் பத்தி என்ன சொல்லப் போறீங்க?"

வழக்கம்போல் பதில். "மேடையில தெரிஞ்சுக்குவ."

"அந்தச் சூளை ஜோக்கை மட்டும் வுட்டுடுங்களேன். கம்பெனியில சின்னப் பொண்ணுங்ககூட கேக்குறாங்க."

"பாத்தியா? எவ்ளோ தூரம் போய்ச் சேந்திருக்குது!"

பெருமை! எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

பிப்ரவரி 24, ஞாயிறு

நேற்று நடந்தது.

ஷாமியானா, புழுக்கம், கரன்ட் போய் ஜெனரேட்டர். நடுவர் எழுந்தார்: "முதுகுன்றம் என்னும் இந்த விருத்தாசலத்தில் முதிர்ச்சி பற்றி..." நஸ்ரினைப் பார்த்தேன், வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

நான் பேசியது சுமார். நம்பாததைப் பேசினால் வேறெப்படி இருக்கும்? நஸ்ரின் நன்றாகப் பேசினாள். திட்டுக்குச் சட்டம் என்ற இடத்தை அவளிடமே விட்டிருந்தேன். பையன்கள் விசில்.

கடைசியில் ந.நா. சாம்பார் கொதிப்பதும் ராப்தான் என்றார். சிரிப்பு. அப்புறம் சூளை வந்தது, முழுசாக, மாமனாரோடு. என் அப்பா செத்து நாலு வருஷம் ஆகிறது, இன்னும் மேடை மேடையாக ஏறிக்கொண்டிருக்கிறார். அதோடு விடவில்லை. தலைப்புக்குப் பொருத்தமாகப் புதுசாக ஒன்று.

"முதிர்ச்சியைப் பத்தி யார் பேசறது பாருங்க. நடுவர் அவர்களே, இது முதிர்ந்தது இல்ல. கருகினது!"

கூட்டம் எழுந்து கைதட்டியது. ந.நா. துண்டை உதறித் தோளில் போட்டு உட்கார்ந்தார்.

நான் எழுந்துவிட்டேன்.

"நடுவர் ஐயா, இந்த இசையில ஒரு சட்டம் இருக்குதுன்னு என் அணியில சொன்னாங்க. திட்டினா, திட்டு வாங்கினவங்ககிட்ட மைக்கைக் குடுத்துடணும். எனக்கு மைக் வேணும்."

"நேரம் ஆயிடுச்சேம்மா. தீர்ப்பு சொல்லணும்."

நஸ்ரின்தான் முதலில் கத்தினாள், "குடுங்க!" பிறகு பெண்கள் பக்கம். பிறகு எல்லாரும். "குடுங்க! குடுங்க!" புலவர் ஐயா வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிலேடை வராமல் விழித்தார். மைக் வந்தது.

மேஜையில் காலேஜ் நினைவுப் பரிசு, பீங்கான் கப். பேனாவால் தட்டினேன். டிங், டிங். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு கைதட்ட ஆரம்பித்தார்கள். சொன்னேன். மறக்குமுன் இங்கே:

சூளையில கூட வெச்சான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க,
சோறு தின்ன கையை என் முந்தானையில தொடைச்சீங்க.
வெளுத்ததெல்லாம் வெந்ததில்ல, வேலை பாத்தவ சொல்லுறேன்,
வேகாத ஜாடிதாங்க வெள்ளையா இருக்கும், எடுத்து ஓரம் தள்ளுறேன்.
ஊத்தி வெச்சா ஒழுகிப் போவும், உப்பும் புளியும் நிக்காது,
ஊரு பூரா பட்டம் குடுத்தும் உள்ளுக்குள்ள வேகாது.
வெந்த ஜாடி டிங்குங்குது, வேகாதது டொக்குங்க,
இத்தினி வருஷம் தட்டிப் பாத்தேன், எனக்கு வாச்சது டொக்குங்க!

ஷாமியானா பறந்துபோகும் போல் சத்தம். பையன்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். ந.நா. சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நான் வருஷக்கணக்காகப் போட்ட அதே சிரிப்பு. முகத்தில் எங்கே வலிக்கும் என்றுகூடத் தெரியும்.

தீர்ப்பு: "ஹிப் ஹாப் முதிரவும் இல்லை, கூச்சலும் இல்லை, முதிர்ந்துகொண்டிருக்கிறது." நடுவில் உட்கார்ந்தே பழகிய மனிதர். டொ.

டி.வி.எஸ்.ஸில் திரும்பினோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ். அப்போது சொன்னார், முன்னால் பார்த்தபடியே.

"டொக்குன்னு சொல்லியிருக்க வேணாம்."

"கருகினதுன்னு சொல்லியிருக்க வேணாம்."

"அது ஜோக்கு."

"இதுவும் ஜோக்குதாங்க."

கூட்ஸ் வண்டி நீளம்.

பிப்ரவரி 25, திங்கள்

கம்பெனிக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது, செய்தி எனக்கு முன்னால் வந்திருக்கிறது. அமுதா ஒரு ஜாடியை என் முன்னால் வைத்துத் தட்டினாள். டொக். "இது யாருக்கா?" எல்லாரும் சிரித்தோம். என்னால் நிறுத்த முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

சிரித்து முடித்ததும் அவர் ஞாபகம். அவர் வாத்தியார் வேலை பார்க்கிற ஸ்கூலிலும் பையன்கள் மேஜையைத் தட்டுவார்களே. தட்டட்டும் என்று தோன்றியது. பாவம் என்றும் தோன்றியது. தட்டட்டும் என்பது சற்றுக் கூடுதலாக.

சாயங்காலம் பெண்ணாடத்திலிருந்து போன். கரும்பு விவசாயிகள் விழா, சனிக்கிழமை. ந.நா. எடுத்தார். போனை வைத்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"நம்ம ரெண்டு பேரும் வேணுமாம். அந்தச் சண்டையோடயே வேணுமாம். இனிமே இதையே ஐட்டமா வெச்சுக்கலாம். நான் திட்டுறேன், நீ திருப்பித் திட்டு."

பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார். எனக்காக எழுதுகிறாராம். நான் அவரைத் திட்டுவதற்கு அவரே! அடுப்படிக்குக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார்: "என் கணவர் நிறம் வெள்ளை, எல்லார் மனசும் அவர்பால் கொள்ளை."

"இது திட்டாங்க?"

"லேசா ஆரம்பிப்போம்."

பேப்பரை வாங்கி எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் வைத்தேன். டொ. டொ. டொ.

"நான் வரேங்க. ஆனா என்னுதை நானே எழுதிக்கறேன்."

பிப்ரவரி 29, வெள்ளி

நாலு வருஷத்துக்கு ஒரு தரம் வரும் தேதி. நல்ல வெயில். நீலப் புடவை வந்துவிட்டது, ஃபால்ஸ் கோணல்.

நஸ்ரின் போன். இன்னும் இரண்டு சி.டி. தரட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். ஹிப் ஹாப் பற்றி என் கருத்தில் மாற்றம் இல்லை. அது பச்சை மண். சட்டம் ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டேன், மீதியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், காரோடு.

காலையில் தோசை திருப்பும்போது ந.நா. பின்னால் வந்து நின்றார்.

"நாளைக்கு என்னப் பத்தி என்ன சொல்லப் போற?"

"மேடையில தெரிஞ்சுக்குவீங்க."

மதியம் கம்பெனி போனுக்கே கூப்பிட்டுவிட்டார். "சும்மாதான் கேட்டேன். ரெண்டு வரியாவது சொல்லேன்." லோடு ஏறுகிறது என்று வைத்துவிட்டேன்.

இப்போது சாயங்காலம். தட்டு முன்னால் உட்கார்ந்து சொன்னார்: "சூளையை வுட்டுடறேன் தமயந்தி. நெசமாத்தான். கருகினதையும் வுட்டுடறேன். நீ அந்த டொக்கை வுட்டுடு."

"யோசிக்கறேங்க."

ஒரு இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தார். சட்னி நல்லா இல்லையா என்று கேட்டேன். இறங்கவில்லை என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

எனக்கு நல்ல பசி.