பதினோராவது இழை

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை பத்தரை மணிக்கு என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். நான் குடியிருக்கும் கட்டிடத்தின் லிஃப்டையே பூட்டிவிட்டேன்.

ஒன்பது மாடிக்கு இருப்பது ஒரே ஒரு லிஃப்ட். நான் இருப்பது ஒன்பதாவதில். லிஃப்ட் மெக்கானிக் கட்டிடத்திலேயே குடியிருப்பது பெரிய வசதி என்று இத்தனை நாள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாளையிலிருந்து என்ன சொல்வார்களோ!

மாதச் சோதனைதான். மெஷின் ரூமில் இரும்புக் கயிற்றின் மேல் பழைய துணியைப் பிடித்து மெதுவாக ஓட்டினால், இழை அறுந்த இடத்தில் துணி மாட்டும். அங்கே நிறுத்தி எண்ண வேண்டும். கம்பெனி கொடுத்த புத்தகப்படி ஒரு முறுக்கு நீளத்தில், அதாவது புரி கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி வரும் தூரத்தில், பத்து இழை வரை அறுந்திருக்கலாம். பதினொன்று இருந்தது. மூன்று முறை எண்ணினேன். நான்காவது முறை, பத்து வந்து தொலைக்காதா என்ற ஆசையோடு எண்ணினேன். அப்போதும் பதினொன்று.

சுவிட்சை அணைத்து, அதன் மேல் என் பூட்டைப் போட்டு, என் பெயர் எழுதிய சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டேன். பூட்டியவன் கையால்தான் அந்தப் பூட்டு திறக்கப்பட வேண்டும். எங்கள் தொழிலில் இதை மீற யாருக்கும் கை வராது, முதலாளிக்குக்கூட. புதுக் கயிறு கப்பலில் வர வேண்டும், மூன்று வாரமாவது ஆகும்.

வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் உறைத்தது. இரண்டே நாள் இருந்துவிட்டுப் போக வந்த அத்தை — என் மனைவியின் அம்மா — நாளைக் காலை ஊருக்குக் கிளம்ப வேண்டும். முட்டி வலிக்காரர். பெட்டி கட்டி வாசலில் வைத்திருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, முகம் ஒரு மாதிரியா இருக்கு?"

சொன்னேன். பெட்டியைத் திரும்ப உள்ளே எடுத்து வைத்தேன்.

மார்ச் 4, புதன்

காலையில் படியில் மட்டும் பதினான்கு பேர் என்னை நிறுத்தினார்கள். அதில் ஒருவர்கூட காலை வணக்கம் சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

குடியிருப்போர் சங்கச் செயலாளர் எட்டாவது மாடியில் இருக்கிறார். ஓய்வு பெற்றவர், கையில் எப்போதும் ஒரு ஃபைல். இணையத்தில் படித்துவிட்டு வந்திருந்தார்.

"தம்பி, மொத்தம் ஆறு கயிறு இருக்காம். ஒண்ணு போனாலும் மீதி தாங்குமாம். நிஜமா?"

"நிஜம்தான் சார்."

"விழாதுல்ல?"

"அனேகமா விழாது."

"அப்புறம் எதுக்குய்யா என்னை எட்டு மாடி ஏற வைக்கிற?"

'அனேகமா' என்ற சொல்லை விளக்க முயன்றேன். ஃபைலை மூடிவிட்டார். ஒரு இழைக்காகவா, ஒரே ஒரு இழைக்காகவா என்று முனகியபடியே படியேறினார். ஆறாவது மாடி வரை எனக்குக் கேட்டது.

அவர் சொல்வது தப்பா என்ன? நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பத்து என்றால் ஓட்டலாம், பதினொன்று என்றால் கூடாது. அந்தக் கோட்டைப் போட்டவன் யாரோ. அவன் எந்த மாடியில் குடியிருந்தானோ.

மார்ச் 7, சனி

மனைவி காய்கறிப் பையோடு ஒன்பது மாடி ஏறி வந்து, பையை என் காலடியில் வைத்தாள். "செஞ்சது சரின்னுதான் எனக்கும் தோணுது. ஆனா அடுத்த தடவை வேற யார் வீட்டு லிஃப்டுலயாவது சரியா இருங்க."

அத்தையின் விஷயம்தான் அவளை அரிக்கிறது. பதினைந்தாம் தேதி அத்தையின் ஊரில் அறுபது வயது தாண்டியவர்களுக்கான செஸ் போட்டி. அத்தை எட்டு மாதமாகத் தயாராகிக்கொண்டிருக்கிறார். இங்கே என்னோடு பழகுகிறார். இன்று மட்டும் ஏழு ஆட்டம், ஏழிலும் நான் மண்ணைக் கவ்வினேன். "நீங்க ராஜாவைக் காப்பாத்தவே மாட்டேங்கிறீங்க, லிஃப்டை மட்டும் காப்பாத்துறீங்க" என்றார்.

மார்ச் 9, திங்கள்

சங்கம் கம்பெனிக்கு ஃபோன் செய்து கூப்பாடு போட்டதில் சூப்பர்வைசரே வந்துவிட்டார். மெஷின் ரூமுக்கு வந்து சேர்ந்ததும் கால் மணி நேரம் என் கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். பிறகு எண்ணினார்.

"பத்துதான்யா. தொற."

"கண்ணாடி போட்டு எண்ணுங்க சார்."

போட்டுக்கொண்டு எண்ணினார். பன்னிரண்டு வந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். மறுபடி எண்ணினார். "பத்து."

"அப்போ நீங்க பத்துன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார், நான் பூட்டை எடுத்துடறேன்."

பேனாவைத் திறந்தார். தாளைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். பேனாவை மூடினார். "நான் இங்க வரவே இல்ல, புரியுதா? சங்கம் கான்ட்ராக்டை வேற கம்பெனிக்குக் கொடுத்துட்டா, உன்னை டிப்போவுக்கு அனுப்பிடுவாங்க. ஸ்பேர் பார்ட்ஸ் தூசி தட்டிட்டு உட்கார வேண்டியதுதான். அதையும் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். டிப்போ! அங்கே ஜன்னல்கூடக் கிடையாது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நான் வீரனெல்லாம் இல்லை. யாராவது பத்து என்று எழுதிக் கொடுத்தால் ஓடிப் போய்த் திறந்துவிடுவேன் போலிருக்கிறது. நான் எழுத மட்டும் கை வர மாட்டேன் என்கிறது. இது என்ன ஜென்மமோ.

மார்ச் 10, செவ்வாய்

செஸ்: நான்கு ஆட்டம். நான்கும் தோல்வி.

மார்ச் 12, வியாழன்

இன்று வேலைக்குக் கிளம்பும்போது சட்டையை மாற்றிக்கொண்டு போய்விட்டேன். பூட்டுச் சாவி பழைய சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. மதியம் இன்னொரு கட்டிடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது பையைத் தடவிப் பார்த்து, பாதியில் ஓடி வந்தேன். ஒன்பது மாடியையும் ஒரே மூச்சில் ஏறினேன்.

அத்தை மேசை முன் உட்கார்ந்திருந்தார். காபிக் கோப்பை பக்கத்தில் சாவி.

"செயலாளர் கீழேருந்து ஏறி நேரா இங்க வந்தார் மாப்பிள்ளை. சாவி வீட்டுல இருந்தா கொடுங்கம்மா, நீங்களும் போட்டிக்குப் போயிடலாம்னு சொன்னார்."

"கொடுத்தீங்களா?"

"கொடுக்கலாம்னுதான் எடுத்தேன். ஆனா அந்த மனுஷன் மூச்சு வாங்கிக்கிட்டு 'சாவி'ன்னு சொல்லி முடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. அதுக்குள்ள எனக்கு மனசு மாறிப் போச்சு. இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நல்லா எண்ணினீங்கல்ல? பதினொண்ணுதானா?"

"ஆமா அத்தை."

"பத்துன்னு எழுதியிருந்தா?"

"நீங்க அன்னைக்கே ஊருக்குப் போயிருப்பீங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. அனேகமா."

"அப்புறம் ஏன் எழுதல?"

"பதினொண்ணா இருந்துச்சே."

இதைவிட நல்ல பதில் ஏதாவது என்னிடம் இருக்கும் என்று நானே எதிர்பார்த்தேன். இல்லை. அத்தை சாவியை என் பக்கம் தள்ளினார். "முட்டாள் மாப்பிள்ளைதான் வாய்ச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுச் செஸ் பலகையை விரித்தார்.

மார்ச் 15, ஞாயிறு

அத்தை இறங்கிவிட்டார்.

காலை ஆறு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மனைவி அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் என்னை முறைத்தாள். ஒரு மடக்கு நாற்காலியும் பெட்டியும் என் கையில். ஒவ்வொரு மாடியிலும் நாற்காலியை விரிப்பேன், அத்தை உட்காருவார், அந்த மாடிக்காரர்கள் கதவைத் திறந்து பார்ப்பார்கள். ஏழாவதில் காபி. ஆறாவதில் மறுபடி காபி. ஐந்தாவது மாடி வீட்டுக்காரம்மா, "ஒரு வயசான மனுஷியை இப்படியா?" என்று என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். "அவரைத் திட்டாதீங்க, நாற்காலி தூக்குற ஆள் வேற கிடைக்கல" என்றார் அத்தை. நான்காவதில் கழிப்பறை, இரண்டு காபியின் விளைவு. மூன்றாவதில் வலி தாங்காமல் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. இருபது நிமிடம் அங்கேயே இருந்தோம். அப்போது மட்டும் மேலே ஓடிப் போய்ப் பூட்டைத் திறந்துவிடலாம் என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. ஒரு படி மேலே எடுத்தும் வைத்தேன்.

"எங்க போறீங்க? நாற்காலியை மடக்குங்க" என்றார்.

கீழே வர இரண்டேகால் மணி நேரம். வண்டியில் ஏற்றிவிட்டோம். மனைவி என்னைத் தாண்டிக்கொண்டு தனியாக மேலே போனாள்.

சாயங்காலம் அத்தையின் ஃபோன். முதல் சுற்றிலேயே, பன்னிரண்டு நிமிடத்தில் தோற்றுவிட்டாராம். எதிரில் உட்கார்ந்த ஆள் பாதி நேரம் தூங்கினாராம். "தூங்கிட்டே ஜெயிச்சுட்டான் மாப்பிள்ளை! பத்து நாளா உங்ககூட ஆடி ஆடி என் ஆட்டமே கெட்டுப் போச்சு."

மார்ச் 19, வியாழன்

மனைவி பேசி நான்கு நாள் ஆகிறது. சாப்பாடு மேசைக்கு வருகிறது, சத்தம் வருவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தன் அம்மாவுக்கு ஃபோன் போட்டு என் காதில் விழும்படி சொல்கிறாள். "கேஸ் தீர்ந்து போச்சும்மா. யாராவது சொல்லி வச்சா நல்லாயிருக்கும்."

சொல்லி வைத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

இன்றும் போய் எண்ணினேன். எதற்கென்று தெரியவில்லை. பதினொன்று.

மார்ச் 27, வெள்ளி

புதன்கிழமை கயிறு வந்தது. இரண்டு நாள் வேலை, ஆறையும் மாற்றி முடித்தோம். பழைய கயிற்றைப் பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் வந்திருந்தார். செயலாளர், சூப்பர்வைசர், நான் — மூன்று பேரும் பரீட்சை முடிவுக்கு நிற்பவர்களைப் போல நின்றோம். ஒரு வார்த்தை, 'நல்லவேளை' என்ற ஒரே ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்துவிடாதா என்று எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு தவிப்பு.

இன்ஜினியர் கயிற்றை வளைத்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கலாம். ரெண்டு வாரத்துல போயிருக்கவும் கூடும். இதையெல்லாம் யாரு சொல்ல முடியும்?"

செயலாளருக்கு முதல் வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. "ரெண்டு வருஷம்!" என்று கட்டிடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். அடுத்த மாதத்திலிருந்து கான்ட்ராக்ட் வேறு கம்பெனிக்கு. எனக்கு டிப்போ. சூப்பர்வைசர் என் தோளைத் தட்டினார், எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஆக, நான் சரியா தப்பா என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. எழுதிப் பார்த்தால் அத்தனை மோசமாக இல்லை. கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது, அவ்வளவுதான். டிப்போவில் ஜன்னல் வைக்கச் சொல்லி விண்ணப்பம் எழுத வேண்டும்.

மார்ச் 28, சனி

காலை பத்து மணிக்குச் சிவப்பு அட்டையை எடுத்தேன், பூட்டைத் திறந்தேன், ஒன்பது மாடி இறங்கிக் கீழே வந்தேன். லிஃப்ட் வாசலில் திருவிழாக் கூட்டம். கடைக்குப் போய்த் திரும்பிய என் மனைவியும் அதில் நின்றிருந்தாள். கதவு திறந்ததும் செயலாளர் முதலில், அவர் பின்னால் மற்றவர்கள், மனைவி, கடைசியில் நான்.

எட்டுப் பேர் போகலாம். ஒன்பது பேர் இருந்தோம். மணி 'கீ' என்று அலறியது.

யாரும் அசையவில்லை. இருபத்தைந்து நாள் படியேறியவர்கள், எப்படி அசைவார்கள்? ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு மெல்ல எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின.

"தம்பி, நீங்கதான் ரூல்ஸ் பார்க்கிற ஆளாச்சே" என்றார் செயலாளர்.

இறங்கினேன். மணி நின்றது. கதவு மூடத் தொடங்கியபோது, "நில்லுங்க, நில்லுங்க" என்று ஒரு குரல். மனைவி கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். லிஃப்ட் எங்களை விட்டுவிட்டு, சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு மேலே போனது. நல்ல வேலைதான் செய்திருக்கிறோம்.

ஒரு பையை என் கையில் திணித்தாள். ஏறத் தொடங்கினோம். நான்காவது மாடி வரை பேச்சில்லை. ஐந்தாவதில் மூச்சு வாங்க நின்றோம்.

"அது அறுந்திருக்குமா இல்லையா? நிஜமாவே தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது."

என் கையிலிருந்த பையின் ஒரு காதைத் தான் பிடித்துக்கொண்டாள்.

"சரி, வாங்க. இன்னும் நாலுதான்."