கண்ணாடியில் உன் காரைப் பார்த்தேன்

என் வசந்தி அக்காவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை, புது சீசனின் முதல் ரேசுக்கு முன்னால், கிரீஷ் இதை எல்லாருக்கும் வாசிக்கப் போகிறார். நம்மோடு ஆன்லைனில் கார் ரேஸ் ஓட்டும் இருபத்திரண்டு பேரும் அவரவர் வீட்டில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்பார்கள். நம் லீகை நடத்துகிறவர் அவர் என்பதால் என்னிடம் கேட்டார். "அக்கா பத்தி நீங்கதான் எழுதணும் பிரபு. நல்ல நெனப்பு ரெண்டு எழுதுங்க. அஷ்டே சாக்கு, போதும்" என்றார்.

மூன்று ஞாயிறு உட்கார்ந்து பார்த்தேன். நல்ல நினைவு என்று தொடங்கினால் நாலு வரிக்கு மேல் போகவில்லை. அடியில் வேறொன்று கிடந்து முட்டியது. அதை முதலில் எடுத்துப் போட்டுவிடுகிறேன். நான் உன்மேல் பொறாமைப்பட்டேன், அக்கா. கொஞ்சநஞ்சம் இல்லை.

நான் இதை எப்படித் தொடங்கினேன் என்று உனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பீன்யாவில் ஒரு கம்பெனியில் இயந்திர உதிரிபாகங்களை அளந்து பார்ப்பது என் வேலை. தலைமுடியில் பாதி அளவு கூடுதலாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவேன். கார் ரேசையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டேன். ஸ்டியரிங்கும் பெடலும் வாங்கியபோது தாசரஹள்ளியில் எங்கள் வீட்டில் வைக்க இடமில்லை. காக்ஸ் டவுனில் அம்மாவும் நீயும் இருந்த வீட்டு ஹாலில் கொண்டுவந்து பொருத்தினேன். ஞாயிறு தோறும் வருவேன். ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தேன். எந்த வளைவில் எங்கே பிரேக், எந்த கியர், பெடலை எவ்வளவு மிதிக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். ஒரே ஒரு வளைவை மட்டும் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்த ஞாயிறும் உண்டு. இரண்டு வருடத்தில் லீகில் எட்டாவது இடத்துக்கு வந்தேன். சிரிக்காதே. வேலையும் குடும்பமும் வைத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் ஓட்டுகிறவனுக்கு எட்டாவது இடம் சின்ன விஷயமில்லை.

அப்போதுதான் ஒருநாள், "நகருடா, நானும் ஒரு தடவ ஓட்டிப் பாக்கறேன்" என்றாய். உனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டரில் ஃப்ரேசர் டவுன் லேபுக்குப் போய், நாள் முழுக்க வருகிறவர்களுக்கு ரத்தம் எடுத்துவிட்டு வருவாய். குழந்தைகள்கூட உன் ஊசிக்கு அழுவதில்லை என்று அம்மா பெருமைப்படுவாள். அன்றைக்கு முதல் வளைவிலேயே சுவரில் போய் மோதினாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

ஒரு மாதம் கழித்து கிரீஷிடமிருந்து மெசேஜ் வந்தது. 'பிரபு, சூப்பர் டைம். ஹெங்கே மாடித்ரி?' எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருந்தார். எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து திறந்து பார்த்தால், என் பெயரில் இருந்த நேரத்தைவிட முக்கால் விநாடி குறைவாக ஒரு சுற்று பதிவாகியிருந்தது. அதுவும் என் பெயரில். நான் அந்த வாரம் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

"வசந்திதான் ஓட்டறா. லேபுலேருந்து வந்ததும் அரை மணி நேரம். காப்பி குடிக்கறதுக்கு முன்னாடி" என்றாள் அம்மா.

முக்கால் விநாடி என்பது எங்கள் கணக்கில் ஒரு வருட உழைப்பு. நீ அதைக் காப்பிக்கு முன்னால் முடித்துவிட்டாய். எப்படி ஓட்டினாய் என்று கேட்டேன். "தெரியலடா. அது எங்க போகணும்னு பாக்குதோ அங்க விடறேன்" என்றாய். நோட்டை நீட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இதெல்லாம் ஓட்டும்போது எப்படா படிக்கறது?" என்று திருப்பிக் கொடுத்தாய். நீ கேலியாகச் சொல்லவில்லை. கேலி செய்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

கிரீஷின் மெசேஜுக்கு நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? 'தேங்க்ஸ்' என்று போட்டேன். அந்தப் பாராட்டு ஒரு வாரம் என்னிடமே இருந்தது. நீ உன் பெயரில் கணக்குத் தொடங்கி லீகில் சேர்ந்த பிறகுதான் உண்மை அவருக்குத் தெரிந்தது. "ஓ, அது அக்காவா?" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

அப்புறம் எல்லாருக்கும் நீ அக்கா ஆகிவிட்டாய். கன்னடம் பேசுகிறவருக்கும் அக்கா, சிவாஜி நகர் இம்ரான் பாய்க்கும் அக்கா. யாரும் என்னைக் கேட்கவில்லை. நாற்பது வருடமாக நான் ஒருவன் மட்டும் கூப்பிட்டு வந்த வார்த்தை அது. நான் பேச வாய் திறந்தால், "பிரபு, அக்கா இருக்காங்களா?" என்பார்கள். நீ பழைய ஸ்டியரிங் ஒன்றை வாங்கி, சாப்பாட்டு மேசையில் மாட்டிக்கொண்டாய். ஞாயிறு மாலை ஒரே ஹாலில் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஓட்டுவோம். நடுவில் அம்மா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருப்பாள். உன் நாற்காலி கிறீச்சிடும் சத்தத்தை வைத்தே நீ எந்த வளைவில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் எனக்கு முன்னால் போக ஆரம்பித்ததும் என் பிரேக் எல்லாம் தப்பாகிவிடும்.

இனி அந்தக் கடைசி ரேஸ்.

நீ முதல் ஐந்துக்குள் வந்தால் சீசன் கோப்பை உனக்கு. இல்லையென்றால் இம்ரான் பாய்க்கு. அன்றைக்கு என்னமோ நான் நன்றாக ஓட்டினேன். வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தேன். நீ எனக்குப் பின்னால் மூன்றாவது. சரிவில் இறங்கும் ஏழாவது வளைவில் நீ உள்பக்கம் வந்தாய். திரையில் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். உன் கார் முழுசாக என் பக்கத்தில் இருந்தது. ஒரு கார் அகலம் இடம் விட்டிருந்தால் நீ போயிருப்பாய், நான் மூன்றாவது வந்திருப்பேன். நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன்.

இரண்டு காரும் சுற்றிக்கொண்டு மண்ணில் போய் விழுந்தன. திரையில் புழுதி கிளம்பியதைப் பார்த்து, "யாருக்காவது அடிபட்டுச்சா?" என்றாள் அம்மா. நீ சிரித்துக்கொண்டே காரைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனாய். பதின்மூன்றாவது இடத்திலிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி ஐந்தாவதாக வந்து சேர்ந்தாய். நான் பதினொன்றாவது வந்தேன். ஹெட்ஃபோன் முழுக்க அக்கா, அக்கா என்று ஒரே கூச்சல்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் சொன்னேன். "கிரீஷ், ஒரு கம்ப்ளெயிண்ட் இருக்கு."

"ஏழாவது டர்ன்ல அக்காவ நோடிதிரா? கண்ணாடில பாத்தீங்களா?" என்று கேட்டார் கிரீஷ்.

"பாக்கல. கடைசி நேரத்துல உள்ள பூந்துட்டாங்க."

ரீப்ளேயில் இரண்டு கார் உரசுவது தெரியும். நான் கண்ணாடியைப் பார்த்தேனா இல்லையா என்பது எந்த ரீப்ளேயிலும் தெரியாது. அது தெரிந்துதான் சொன்னேன்.

"அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்குப் பின்னால் உன் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. "பிரபு அப்படிச் சொன்னா, அப்படியே வெச்சுக்குங்க" என்றாய்.

தாண்டுகிறவர்தான் பார்த்துப் போக வேண்டும் என்பது லீக் விதி. உன் நேரத்தில் பத்து விநாடி கூட்டினார்கள். ஐந்தாவது இடம் ஒன்பதாவது ஆனது. கோப்பை இம்ரான் பாய்க்குப் போனது. நீ ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, டீ போட்டு எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாய். "ஆறுது, குடி" என்றாய். அதற்குமேல் ஒன்றும் இல்லை. கோபமா அக்கா? திட்டியிருக்கலாமே?

அடுத்த இரண்டு ஞாயிறு உனக்கு லேபில் வேலை என்றாய். மூன்றாவது ஞாயிறு வந்து எப்போதும்போல் ஓட்டினாய். அப்புறம் அந்த விடாத காய்ச்சல். உன் லேபிலேயே ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டை நீயே முதலில் பார்த்தாய். நான் இன்னொரு இடத்தில் பார்க்கலாம் என்றேன். "எங்க ஆளுங்க எடுத்தது. தப்பா இருக்காது" என்று சொல்லி மடித்துப் பையில் வைத்தாய். ரத்தப் புற்றுநோய். நாலு மாதம்.

நாலு மாதத்தில் எத்தனை மதியம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் ஆரம்பித்தேன். "அக்கா, அந்தக் கடைசி ரேஸ்ல..." அதற்குள் நர்ஸ் டிரிப்ஸ் மாற்ற வந்தார். அவர் போனதும், "என்னமோ சொல்ல வந்தியே?" என்றாய். நீ கேட்டாய், அக்கா. கதவைத் திறந்தே வைத்தாய். நான், "ஒண்ணுமில்ல, லீக்ல எல்லாரும் உன்னக் கேட்டாங்க" என்றேன். அதே நேரத்தில் உன் போன் மெசேஜ் மெசேஜாக அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அவர்கள் ஒருவரும் பிறந்தநாள் வாழ்த்துகூடச் சொன்னதில்லை என்று அப்போதும் எனக்குத் தோன்றியது. படுத்துக்கிடக்கும் உன்னைப் பார்த்துக்கொண்டே தோன்றியது.

உன் காரியத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள், அதுவரை முகம் பார்க்காதவர்கள். "நீங்க அதிர்ஷ்டசாலி பிரபு, அவங்க கூடப் பொறந்திருக்கீங்க" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் தலையாட்டினேன்.

போன மாதம் கிரீஷுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "யாக்கே, ஏன் இப்ப சொல்றீங்க?" என்றார்.

"இதச் சொல்லாம லெட்டர் எழுத வரல."

பத்து விநாடியை நீக்கிவிட்டார்கள். அந்த சீசன் இப்போது உன் பெயரில் இருக்கிறது. இந்த சீசன் முழுக்க நான் ஓட்டக் கூடாது. இரண்டு சீசன் தடை போடுங்கள் என்றேன். "ஒண்ணு போதும். ரெண்டு கேட்டா அது நாடகம்" என்றார் கிரீஷ். அவர் சொன்னது சரி.

போன சனிக்கிழமை இம்ரான் பாய் கோப்பையைத் துணியில் சுற்றி, ஸ்கூட்டரில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா கையில் கொடுத்தார். "அக்காது. அக்கா வூட்லயே இருக்கட்டும்மா" என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்துச் சொன்னார். "பத்து மாசமா என் ஷோகேஸ்ல வெச்சிருந்தேன் பாய். வர்றவங்களுக்கெல்லாம் காட்டினேன். என்னை எதுக்குப் பொய்யனாக்கினீங்க?" உன்னை மட்டும்தான் ஏமாற்றினேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் போன பிறகு அம்மா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "இது எதுக்குடா வந்துச்சு?" என்றாள். சொன்னேன். வளைவு, கண்ணாடி, பொய், ஆஸ்பத்திரி எல்லாம்.

"அந்த ரேஸ் அன்னைக்கு நீ கெளம்பிப் போனப்புறம் அவ என்கிட்ட ஒண்ணு கேட்டா" என்றாள். "'அவனுக்கு என்னைப் பிடிக்கலையாம்மா'ன்னு கேட்டா. அப்படியெல்லாம் இல்லடி, பொறந்ததுலேருந்து உன் பின்னாடியேதானே சுத்தினான்னு சொன்னேன். நான் சொன்னது சரிதானே?"

"சரிதாம்மா" என்றேன். அம்மா நம்பினாளா தெரியவில்லை. நீ நம்பினாயா, அக்கா? அம்மா சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். நேற்று உன் மேசை ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, உன் நேரத்தைத் தொட முடிகிறதா என்று தனியாக ஓட்டிப் பார்த்தேன். இன்னும் அரை விநாடி பின்தங்குகிறேன். எரிச்சலாகத்தான் இருந்தது. அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இந்த சீசன் முழுக்க ஞாயிறு தவறாமல் வந்து, கிரீஷுக்கு உதவியாக மற்றவர்களின் ரேஸைப் பார்த்துப் புள்ளி எழுதுவேன். திரும்ப ஓட்ட வரும்போது, என்னைவிட வேகமாக ஒருவர் வந்தால் வழி விடுவேன். வயிறு எரிந்தால், எரிகிறது என்று அவர் காதுபடச் சொல்லிவிடுவேன், அவர் கேட்க இருக்கும்போதே. உனக்குச் சொல்லாமல் விட்டதை இனி யாருக்கும் சொல்லாமல் விட மாட்டேன்.

உன்னை ரொம்பப் பிடிக்கும் அக்கா.

உன் கூடப்பிறந்தவன்,
பிரபு