இறங்க மட்டும் ஒரு சைக்கிள்

நவம்பர் 12, செவ்வாய்

குன்னூர் பள்ளி வேலையை ஏற்பதா, இங்கே நெரவிப் பள்ளியிலேயே இருப்பதா என்று மகள் ஸ்டெல்லா நாளை பதில் தர வேண்டும். அவளோ மாலை முழுவதும் கைபேசியில் இரண்டு மலைச் சைக்கிள்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டிலும் முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர்.

"என்னம்மா வித்தியாசம்?"

"டவுன்ஹில் வண்டி வேகமா இறங்கத்தாம்பா. மேல ஜீப்புலதான் ஏத்தணும். ஃப்ரீரைடுல குதிக்கலாம், கஷ்டப்பட்டு மிதிச்சும் ஏறலாம்."

"நம்ம ஊர்ல மலைன்னா கீழவாஞ்சூர் துறைமுகத்து நிலக்கரிக் குவியல்தான்டி" என்று மனைவி சிரித்தாள்.

"அதுல ஓட்ட விடுவாங்களான்னு விசாரிங்கப்பா. நீங்கதான ரிப்போர்ட்டர்."

"சரி, எதை வாங்கப் போற?"

"ஃப்ரீரைடுதான். தினம் ஸ்கூல் விட்டதும் ஜீப்புக்கு எங்க போறது?"

மனைவி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாளைய பதில் கிடைத்துவிட்டது. ரயிலில் ஏற்ற வேண்டுமே, வண்டி என்ன எடை என்று கேட்டேன்.