பெண் வீட்டுச் சொல்

நாப்லுஸ்,
2 அக்டோபர் 2002

அன்புள்ள அபூ ரவானுக்கு, ரவானின் பாபா நிஸாமுக்கு,

நலம். அல்லாஹ் உங்களையும் நலமாக வைத்திருக்கட்டும். தொலைபேசியில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் டாக்சிக்கார ஹிலாலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை, ஊரடங்கு தளர்ந்தால், வஸீமின் வீட்டுப் பெரியவர்கள் நம் ரவானைப் பெண் கேட்டு வருகிறார்கள். தருகிறோம் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள் மகள் கேட்கிறாள்: "பாபா வருவாரா, இல்ல அவரோட அமைச்சகம்தான் வருமா?" சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

குழாய் காய்ந்து கிடக்கிறது. "நீர்த்துறை இயக்குநர் வீட்டுலயே தண்ணி இல்லையா?" என்று பக்கத்து வீட்டு உம்மு ஃபாரிஸ் கிண்டல் செய்கிறாள்.

கட்டாயம் வாருங்கள்.

இப்திசாம்

ரமல்லா,
9 அக்டோபர்

என் இப்திசாமுக்கு,

என் அலுவலகத்திலும் தண்ணீர் இல்லை என்று உம்மு ஃபாரிஸிடம் சொல். பாதிக் கட்டடம் இடிந்து கிடக்கிறது. மீதிப் பாதியில் ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு, ஊர் போய்ச் சேராத உத்தரவுகளில் கையெழுத்துப் போடுகிறேன். இதற்குப் பெயர் இயக்குநர் பதவி.

அலைந்து திரிந்து, இஸ்ரேல் ராணுவச் சோதனைச் சாவடி தாண்ட ஒரு நாள் அனுமதி வாங்கிவிட்டேன், அந்த வெள்ளிக்குத்தான். அமைச்சகம் வராது, பாபா மட்டும்தான் வருவார் என்று ரவானிடம் சொல்.

உன் நிஸாம்

ரமல்லா,
19 அக்டோபர்

இப்திசாம்,

வியாழன் மாலை அமைச்சர் கூப்பிட்டார். ஹெப்ரான் பக்கம் கிணற்று மோட்டார் நின்று மூன்று கிராமங்கள் தவிக்கின்றன. உதிரிபாகம் உள்ளே விடுவது பற்றிப் பேச இஸ்ரேல் அதிகாரிகள் வெள்ளியன்று மட்டுமே நேரம் தந்தார்களாம். "நிஸாம், அன்னைக்கு அனுமதி இருக்கறது உங்கிட்டதான். வேற யாரு போவா?" என்றார். போகிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்குச் சொல்ல இரவெல்லாம் தொலைபேசியில் முயன்றேன், லைன் கிடைக்கவில்லை.

மாலைவரை சாவடியில் வெயிலில் நின்றேன். கூட்டம் நடக்கவே இல்லை. "இன்னொரு நாள் வா" என்றான் மீசை முளைக்காத சிப்பாய் ஒருவன். கிராமங்களுக்குத் தண்ணீரும் இல்லை, உங்களுக்கு நானும் இல்லை.

களைத்துவிட்டேன், இப்தி. ராஜினாமா எழுதிவிடட்டுமா? வெள்ளியன்று என்ன நடந்தது? அதையாவது எழுது.

நிஸாம்

நாப்லுஸ்,
27 அக்டோபர்

நிஸாம் அவர்களுக்கு,

எட்டுப் பேர் வந்தார்கள். வஸீமின் பெரியப்பா முறைப்படி பெண் கேட்டார். காபி வைத்தோம். பெண் வீட்டுச் சொல் வரும்வரை யார் குடிப்பார்கள்? கோப்பைகள் அப்படியே இருந்தன. வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ரவான் ஜன்னலுக்கு ஓடினாள். தெருமுனையில் டாங்கி நின்றதால், உங்களுக்குப் பதில் சொல் தர வேண்டிய உங்கள் அண்ணனாலும் வர முடியவில்லை. ஊரடங்கு மறுபடி தொடங்கும் நேரம் நெருங்கியது. வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஆண்கள் இருந்த அறைக்குள் நானே போனேன். "காபியைக் குடிங்க. ரவான் இனி உங்க வீட்டுப் பொண்ணு" என்றேன். எல்லோரும் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பெரியப்பா ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ஆறினாலும் நல்ல காபிதாம்மா" என்றார்.

ராஜினாமா எழுத வேண்டாம். அந்தக் கிராமங்களுக்கு நீங்கள் வேண்டும். எனக்குக் கோபம் போய்விட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. இத்தனை வருஷமும் உங்களைக் கேட்காமல் எதுவும் செய்ததில்லை. அன்று கேட்க ஆளில்லாமல் சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை.

நோன்புப் பெருநாள் முடிந்து நிக்காஹ். தகப்பன் இடத்தில் உங்கள் அண்ணனே நிற்கட்டும் என்று காஜியிடம் பேசிவிட்டேன். வழி திறந்தால் வாருங்கள். விருந்தினர் வரிசையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன்.

இப்திசாம்