இனயத்துக்காரரிடம் இருக்கும் சாவி

புதுக்கடை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மருமகள் நந்தனாவுக்கு, புதுக்கடை முதல் மஸ்கட் வரை புகழ் பரவிய உன் மாமா தாணுலிங்கம் எழுதுவது. நலம். இதில் வருவதை யாரும் நம்பமாட்டார்கள் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். மஸ்கட்டுக்குப் போனில் சொன்னால் பாதியிலேயே டூட்டிக்கு நேரமாச்சு என்பாய். கடிதத்தை நீ வெட்ட முடியாது.

அடுத்த வீட்டு சத்தியபாய் உன்னைக் கூப்பிட்டுப் பற்றவைத்துவிட்டாள். "மாமா, பஸ்ஸுல பாத்த ஆளுக்கிட்ட வீட்டுச் சாவியக் குடுத்திருக்கீங்களாமே, மண்டையில மூளைன்னு வல்லதும் இருக்கா?" என்று கேட்டாய். சாவியைத் திரும்ப வாங்காவிட்டால் லீவு போட்டு வந்து பூட்டையே மாற்றுவேன் என்றாய். மாற்று. அதற்கு முன் இதைப் படி.

ஆள் பெயர் ததேயுஸ். ஊர் இனயம், கடற்கரை. முப்பது வருடம் கடலில் கிடந்தவர். அன்று பஸ்ஸில் அவர் மீசையின் ஒரு நுனி டிரைவர் தோளில் கிடந்தது, மறு நுனி பின்படியில் நின்ற கண்டக்டரின் காதைக் குடைந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, உமக்குப் பேச்சுத்துணைக்குக் கூட்டுக்காரன் ஆராவது உண்டா? இல்லேன்னா நான் இருக்கேன்" என்றார். இப்படிக் கேட்பவன் ஒன்று இன்சூரன்ஸ் ஏஜெண்ட், அல்லது திருடன். சட்டைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஒரு சீப்பு இருந்தது. தலையில் முடி இல்லாததால் அதுவும் உபரிதான்.

உடனே விசாரணைக் கமிஷன் அமைத்தேன். இனயத்தில் தொள்ளாயிரம் சாட்சிகள். மீன் விற்கும் ரீத்தா மட்டும் உருப்படியாகச் சொன்னாள்: "ததேயுசு அண்ணனா? சீட்டு வெளாட்டுல பெருங்கள்ளன். வேற குத்தம் ஒண்ணும் இல்ல."

வீட்டுக்கு வரவழைத்துச் சீட்டுப் போட்டேன். கள்ளத்தனம் உண்மைதான். ஜாக்கிச் சீட்டைத் தொடைக்கு அடியில் ஒளிப்பார். எழுந்தால் அது வேட்டியில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். "ஓய், பின்னால ஜாக்கி தொங்குது" என்றால், "அது காத்துல வந்ததா இருக்கும் அண்ணே" என்பார். இவ்வளவு மோசமாகத் திருடுகிறவரிடம் கஜானாவையே ஒப்படைக்கலாம் என்று அன்றே தீர்ப்பு எழுதினேன்.

கண் ஆப்பரேஷன் அடுத்த மாதம் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? போன மாதமே முடிந்துவிட்டது. கோபப்படாதே. உனக்கு லீவு கிடைக்காது, தம்பி மகன் பிரதீஷுக்குச் சென்னையில் ஆயிரம் வேலை. கூட ஆள் இல்லாமல் கத்தி வைக்கமாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் ஒரே பிடிவாதம். ததேயுஸ் வந்தார். பாய்மரத் துணி அளவுக்குக் கட்டுப் போட்டு என்னை வெளியே விட்டார்கள். ஒரு கண்ணில் கட்டு, மறு கண் ஏற்கெனவே புகைமூட்டம். வாசலில் பூட்டின் துளை தெரியவில்லை. சாவியை நீட்டினேன். அன்று அவர் கூரை ஓடுகளையும் உத்தரத்தையும் பெயர்த்து வண்டியில் ஏற்றியிருந்தால்கூட ஏதோ நல்ல காற்று வருகிறதே என்றுதான் படுத்திருப்பேன். அவர் எடுத்தது ஒரே ஒரு கிழிந்த பனியன். அதை வைத்து அடுக்களையைத் துடைத்தார். பிறகு ஒரு வாரம், நாளுக்கு நாலு வேளை இனயத்திலிருந்து வந்து, அவரே பூட்டைத் திறந்து சொட்டுமருந்து விட்டார். சாவி இன்னும் அவரிடம்தான். ஒவ்வொரு வேளையும் ஒரு திமிங்கலம் கொண்டுவந்து குழம்பு வைத்தார்.

சரி, ஒத்துக்கொள்கிறேன். மீசை பொய். தொள்ளாயிரம் சாட்சியும் பொய். திமிங்கலம் சாளை மீன்தான். ஒரு சின்ன விஷயம் மட்டும் அப்படியே நடந்தது. ஆஸ்பத்திரித் தாளில் உறவு என்ன என்று ஒரு கோடு போட்டிருந்தார்கள். ததேயுஸ் அந்தக் கோட்டில் பேனாவை வைத்து வைத்து எடுத்தார். தம்பி என்று எழுதும் ஓய் என்றேன்.

லீவுக்கு வரும்போது அவரையும் மாமா என்றே கூப்பிடு மக்கா. நல்லா இரு.

உன் மாமா,
தாணுலிங்கம்.