சாக்பீஸ் நனைந்த இடம்

பிப்ரவரி 4

என் வீட்டுக்காரருக்கு,

நலம். நாற்பத்திரண்டு வயதில் காலேஜுக்குப் போனால் சின்னஞ்சிறுசுகள் சிரிக்கும் என்று பயந்தேனே, ஒன்றும் இல்லை. வகுப்பில் மொத்தமே பதினெட்டுப் பேர். எல்லோருக்கும் நான் அக்கா. இயற்கை வளப் பாதுகாப்பு என்றால் மரம் நடுவது என்று நினைத்து வந்தேன். இங்கே முதல் பாடமே அளப்பதுதான்.

ஆளுக்கொரு கிணறு. நான் நம் வீட்டுக் கிணற்றைக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு அளவு நாடாவில் சாக்பீஸ் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்குங்கள். நனைந்த இடத்தைப் பார்த்து, விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே என்று எழுதுங்கள். நான் கிளம்பும்போது இருபத்தாறு.

முப்பதைத் தாண்டினால் நம் மோட்டார் எடுக்காது. அந்த முதுகோடு நீங்கள் தெருக்குழாயில் குடம் தூக்கக் கூடாது. படிப்பை ஏறக்கட்டிவிட்டு வந்து நிற்பேன், சொல்லிவிட்டேன்.

உங்கள்
காலேஜ்காரி

மார்ச் 10

காலேஜ்காரி அம்மாவுக்கு,

கடைசி நான்கு ஞாயிறு: 26, 25, 25, 24. வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஆனால் நம் கிணறு ராஜா மாதிரி இருக்கிறது. முதுகும் அப்படியே. நேற்று சாதம் குழைந்துவிட்டது. கஞ்சி என்று பெயர் வைத்துக் குடித்தேன்.

கடையில் வேலை தலைக்கு மேல். ஊரில் தண்ணீர் இறங்கியதிலிருந்து எல்லோர் பம்பும் என்னிடம்தான் வருகிறது. நீ வர வேண்டாம். படி.

பம்பு மெக்கானிக்

மார்ச் 17

என் வீட்டுக்காரருக்கு,

வாத்தியார் உங்கள் கணக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாக் கிணறும் இறங்குது, உங்க வீட்டுக் கிணறு மட்டும் எப்படிம்மா ஏறுது?" என்றார். அடுத்த வாரம் வகுப்பே வேனில் வந்து பார்க்கப்போகிறதாம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ராத்திரி உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். ஊரார் கிணறெல்லாம் இறங்கும்போது நம்முடையது எப்படி? உண்மையை எழுதுங்கள்.

காலேஜ்காரி

மார்ச் 21

அம்மா தாயே,

வேனை நிறுத்து. ஞாயிறு விடியற்காலையில் நம் டேங்கர்காரன் ஒரு லோடு தண்ணீரைக் கிணற்றில் ஊற்றுவான். அப்புறம்தான் அளப்பேன். நாடா பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். புதன்கிழமைக்குள் தண்ணீர் பழையபடி முப்பதுக்குக் கீழே போய்விடும். அப்புறம் தெருக்குழாய், குடம்தான்.

முப்பது என்று எழுதினால் நீ வந்துவிடுவாயே. இருபது வருஷம் காத்திருந்து போன படிப்பு. அதைக் கெடுத்தவன் நான் என்று இருக்கக் கூடாது என்று பார்த்தேன். கடைசியில் நானே கெடுத்துவிட்டேன். திட்டு.

பம்பு மெக்கானிக்

மார்ச் 25

என் மண்டூகத்துக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன், அழுகைதான் வந்தது. வகுப்பில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்து ஓய ஐந்து நிமிஷமாயிற்று. அந்தக் கணக்கு செல்லாது, புதிதாக ஆரம்பி என்றார் வாத்தியார். பாஸ் செய்ய ஆறு மாசம் கூடுதலாகும்.

தப்பு என்னுடையதும்தான். வந்துவிடுவேன் என்று மிரட்டினால் யார் உண்மையை எழுதுவார்கள்? இனி மிரட்ட மாட்டேன், பாதியில் வரவும் மாட்டேன். டேங்கர் தண்ணீரைக் கிணற்றில் ஊற்றாமல் வீட்டுத் தொட்டியில் ஊற்றச் சொல்லுங்கள், குடத்தைத் தொடாதீர்கள். இனி வாராவாரம் இரண்டு கணக்கு வேண்டும்: ஒன்று கிணறு, ஒன்று முதுகு.

காலேஜ்காரி

மார்ச் 31, ஞாயிறு, காலை ஏழு மணி

காலேஜ்காரிக்கு,

கிணறு: முப்பத்து நான்கு அடி. எதுவும் ஊற்றவில்லை.

முதுகு: வலிக்கிறது. ஜனவரியிலிருந்தே வலிக்கிறது.

முடித்துவிட்டு வா.

உன்
மண்டூகம்