நீதான் தூக்கி வைத்தாய்

மாமா,

நேற்று பூந்தமல்லியில் அரிசி மூட்டை வாங்கிக்கொண்டு ஆட்டோவுக்கு நின்றேன். வண்டியை நிறுத்திய டிரைவர் இறங்கி வந்து, "நீ ஏறும்மா, நான் எத்துக்கினு வரேன்" என்று மூட்டையில் கை வைத்தார். "தொடாதீங்க" என்று கத்திவிட்டேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்த மனுஷன் பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டார். என்னத்தைச் சொல்லி அவருக்குப் புரிய வைப்பது? மூட்டையை நானே தூக்கி வைத்துக்கொண்டு பாரிவாக்கம் வந்து சேர்ந்தேன்.

ஆட்டோ ஓட்டின காலமெல்லாம் நீயும் அப்படித்தானே. சவாரிக்கு வருபவர் கையில் பை இருந்தால் உனக்கு இருப்புக் கொள்ளாது. இறங்கி, வாங்கி, வண்டிக்குள் வைத்துவிட்டுத்தான் கிளப்புவாய். உள்ளே என்ன என்று கேட்கவும் மாட்டாய். "வீட்டுக்கு வந்தா இடுப்புக்குத் தைலம் தேய்க்கச் சொல்ற. அங்க உனக்கு எதுக்கு இந்தக் கூலி வேலை?" என்று எரிந்து விழுவேன். "அவங்க சொமை தூக்கறத நான் பார்த்துகினு குந்தியிருக்கறதா? போமே" என்று சிரிப்பாய்.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் ஏறியவனின் இரண்டு மூட்டைகளையும் அப்படித்தான் தூக்கி வைத்தாய். நசரத்பேட்டை அருகே போலீஸ் மறித்தது. அவன் குதித்து ஓடிவிட்டான். மூட்டையில் கஞ்சா. "யாருடா ஏத்தினது?" என்று கேட்டார்கள். "நான்தான் சார் தூக்கி வெச்சேன்" என்றாய். அதோடு முடிந்தது நம் வாழ்க்கை. தொடவே இல்லை என்று சொல்லும்படி வக்கீல் தலைபாடாக அடித்துக்கொண்டார். நீ கேட்டாயா? கோர்ட்டிலும், "தூக்கினேன் சார். உள்ள இன்னா கீதுன்னு தெரியாது" என்றே நின்றாய்.

தெரியாது என்பதை நீதான் நிரூபிக்க வேண்டுமாம். தெரியாததற்கு எவன் சாட்சி சொல்ல வருவான்? கஞ்சாவின் எடை அதிகம் என்பதால் ஜாமீனும் கிடைக்கவில்லை. கடைசியில் பத்து வருஷம். அதற்குக் கீழே குறைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று நீதிபதியே சொன்னார். குடித்துவிட்டுக் கார் ஓட்டி நம் தெருமுனையில் ஒருவரைக் கொன்றவன், ஜாமீனில் வந்து அதே காரில் போகிறான். மூட்டைக்காரன் இன்றுவரை பிடிபடவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, "கஞ்சா கடத்தறவனுக்குப் பத்து வருஷம் பத்தாது" என்று என் காதுபடவே சொன்னாள். அவள் மகன் அந்தப் புகையில் புத்தி பேதலித்துக் கிடக்கிறான். அவளிடம் போய் எப்படிச் சண்டை போடுவேன்? கடத்தியவனைப் பிடித்து உள்ளே போடட்டும், யார் வேண்டாம் என்றது. அது உன் தலையில் விடிந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் நெஞ்சுவலி உன்னைச் சிறையிலேயே கொண்டுபோய்விட்டது. ஆள் போனால் அப்பீலும் முடிந்துவிடுமாம். மனைவி ஒரு மாதத்துக்குள் மனு போட்டால் தொடர்ந்து நடத்தலாம் என்றார் வக்கீல். "அண்ணனே பூட்டாரு. இனிமே கேஸ் இன்னாத்துக்கு அண்ணி, வுட்டுத் தள்ளு" என்றான் உன் தம்பி. "கஞ்சாக்காரன் பொண்டாட்டின்னு பேர் வாங்கிக்கிட்டே நான் சாகணுமா?" என்று கேட்டேன்.

இன்று காலை அந்த மனுவில் கையெழுத்துப் போடப் போனேன். "அவர் மூட்டையைத் தொடவே இல்லைன்னு இப்பவாவது வாதாடிப் பார்க்கலாம்மா. மறுத்துப் பேச அவர் இல்லையே" என்றார் வக்கீல். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இல்ல சார், தூக்கினாரு. ஏறினவங்க எல்லாருக்கும்தான் தூக்கினாரு. அப்படியே எழுதுங்க" என்றேன். தோற்றுப்போகலாம் என்றார். போகட்டும். தூக்கினேன் என்று நீ சொன்னதை நம்பினார்கள் அல்லவா? தெரியாது என்று அதே வாயால் சொன்னதையும் நம்பட்டும்.

எழுந்தால் இதே நினைப்பு, படுத்தால் இதே நினைப்பு. என்னிடம் மிச்சம் இருப்பது இந்த வழக்கு ஒன்றுதான். தோற்பதைவிட ஜெயிப்பதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. நீ குற்றவாளி இல்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால், அதை எங்கே கொண்டுவந்து உன்னிடம் காட்டுவேன், மாமா?